மலையில் செய்த ஆய்வை மலையில் வாழ்பவர்களிடம் சொல்வது எப்படி: நீலகிரி ஆய்வாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குந்தா வட்டத்தில் ஒரு சிற்றோடையின் நீர்மட்டத்தை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அளந்துகொண்டிருந்த காலத்தில், கருவியை மழையிலிருந்து காக்க ஒரு பச்சைத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். இரண்டாம் ஆண்டுக் கோடையில் ஓடை இளைத்தபோது, கீழே இருந்த ஊரிலிருந்து ஒரு பெரியவர் வந்து, "தம்பி, இந்தப் பெட்டிய வச்ச பிறகுதானே தண்ணி கொறஞ்சுது, இத எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டார். அதற்குள் அந்த அளவீட்டைக் கொண்டு இரண்டு மாநாடுகளில் பேசியிருந்தேன். அந்த ஓடைத் தண்ணீரைக் குடிப்பவர்களிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. தவறு முழுவதும் என்னுடையது.

அதன் பிறகு பல ஆண்டுகளாக, என் ஆய்வையும் உடன் பணிபுரிவோரின் ஆய்வுகளையும் ஊர்க் கூடங்களிலும் பள்ளிகளிலும் கைபேசித் திரைகளிலும் சொல்லிப் பார்த்ததில் கற்றவற்றை வரிசையாக இங்கே எழுதுகிறேன். ஒரு கருத்தை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான ஆய்வாளர்கள் முதலில் இணையத்தில் ஒரு காணொளியை ஏற்றிவிட்டு, பிறகு நேரம் கிடைத்தால் ஊருக்குப் போகலாம் என்று எண்ணுகிறார்கள். மலையில் இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் முடிவு. ஊர்க் கூட்டத்தில் எழும் கேள்விகள்தாம் இணையத்தில் எதை, எந்தச் சொல்லில் எழுத வேண்டும் என்பதைக் காட்டிக்கொடுக்கின்றன. அந்தக் கேள்விகள் கையில் இல்லாமல் எழுதுவது, யாரும் கேட்காத கேள்விக்கு விடை எழுதுவதாகவே முடிகிறது.

முதல் படி: ஒரு முடிவு, ஒரு கூட்டம்

நீலகிரியில் ஆய்வு நிறுவனங்களுக்குக் குறைவில்லை. முத்தோரையில் உதகை ரேடியோ தொலைநோக்கியும் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமும், உதகையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகமும் மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வு மையமும், குன்னூரில் 1907 முதல் இயங்கும் பாஸ்டர் நிறுவனமும் இருக்கின்றன. இவற்றைத் தவிர, சோலைகளிலும் புல்வெளிகளிலும் தனியே அலைந்து தரவு திரட்டும் மாணவர்கள் பலர். ஆனால் "பொதுமக்கள்" என்று ஒரே கூட்டம் இங்கே கிடையாது. எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்கள், காரட்டும் பூண்டும் பயிரிடும் விவசாயிகள், ஹட்டி எனப்படும் ஊர்களில் வாழும் படுகர், மந்து எனப்படும் தோடர் குடியிருப்புகள், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஊர்கள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்கள், கூடலூர்ப் பக்கத்து மலையாளம் பேசுவோர் என்று ஒவ்வொருவருக்கும் மலை ஒவ்வொரு விதமாகத் தெரிகிறது.

ஆகவே முதலில் ஒரு தாளில் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: இன்னாரிடம், என் ஆய்வின் இந்த ஒரு முடிவை, அவர்களுடைய இந்த ஒரு வேலையோடு சேர்த்துச் சொல்லப் போகிறேன். அந்த வாக்கியம் எழுத வரவில்லை என்றால் கூட்டத்துக்கு நாள் குறிக்காதீர்கள். ஆய்வேட்டின் ஐந்து அத்தியாயங்களையும் ஒரே மாலையில் சொல்லத் துடிப்பது இயல்புதான், ஆனால் கேட்பவர் வீட்டுக்கு எடுத்துப் போவது ஒன்றைத்தான்.

இரண்டாம் படி: அனுமதியும் சம்மதமும்

வனத்துறையின் ஆய்வு அனுமதி உங்கள் தரவுக்கானது. ஊரில் கூட்டம் நடத்துவதற்கு ஊரின் இசைவு தனியே வேண்டும். ஹட்டியாக இருந்தால் ஊர்ப் பெரியவர்களிடமும், பழங்குடி ஊராக இருந்தால் மூப்பனிடமும், எஸ்டேட்டாக இருந்தால் நிர்வாகத்திடமும் தொழிலாளர்களிடமும் தனித்தனியே பேச வேண்டும். நிர்வாகத்தின் அனுமதியோடு மட்டும் போனால், வந்து உட்காருபவர்கள் உங்களை நிர்வாகத்தின் ஆளாகவே பார்ப்பார்கள், ஒரு கேள்வியும் எழாது.

பல்லுயிர்ப் பாதுகாப்போடு தொடர்புடைய ஆய்வு என்றால் இன்னும் கவனம் தேவை. ஒரு பெண்மணி காட்டி விளக்கிய மூலிகையையும் அதன் பயனையும் படம்பிடித்து இணையத்தில் ஏற்றிவிட்டால், அந்த அறிவு யாருடையது என்ற கேள்வியை நீங்களே எளிதாக அழித்துவிடுகிறீர்கள். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்மச் சட்டம் இந்த அறிவுக்கு உரியவர்களின் பங்கைப் பேசுகிறது. உள்ளூர் அளவில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்படுவதும் அதன் அடிப்படையில்தான். சம்மதம் கேட்கும்போது, "படம் எடுத்துக்கொள்ளலாமா" என்று மட்டும் கேட்பது போதாது. எங்கே போடுவீர்கள், யார் பார்ப்பார்கள், பிறகு நீக்கச் சொன்னால் நீக்குவீர்களா என்ற மூன்றையும் சொல்லிக் கேட்க வேண்டும். தேன் எடுக்கும் பாறைகள், வழிபாட்டு இடங்கள் ஆகியவற்றின் இருப்பிடம் சம்மதம் கிடைத்தாலும் வெளியிடத் தக்கதல்ல.

மூன்றாம் படி: ஊர்ச் சொல்லைத் தேடுவது

ஆங்கிலத்தில் எழுதிய சுருக்கத்தைத் தமிழாக்கிப் படிக்காதீர்கள். கட்டுரையை மூடிவைத்துவிட்டு, கூட்டத்துக்கு வரப்போகும் ஒருவரிடம் வாயால் சொல்லிப் பாருங்கள். அவர் திரும்பச் சொல்லும்போது எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறாரோ அதை எழுதிக்கொள்ளுங்கள். யூகலிப்டஸ் இங்கே கற்பூர மரம். வாட்டில் என்று நூல்கள் சொல்வது இங்கே சீகை. லண்டானா என்றால் விழிப்பவர்கள் உண்ணிச்செடி என்றால் அதன் முள்ளைப் பற்றியே உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். உலகெங்கும் சூழலியலாளர்கள் "ஷோலா" என்று எழுதும் சொல் தமிழின் "சோலை"தான். அதை நாம் ஆங்கில ஒலிப்பில் திரும்பப் பெற்றுப் பேசுவது வேடிக்கையாக இருக்கிறது.

எல்லாச் சொல்லையும் தூய தமிழில் மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மியுவான், ரேடியோ, சென்சார் போன்றவற்றை அப்படியே சொல்லி, முதல்முறை வரும் இடத்தில் ஒரு வாக்கியத்தில் விளக்கிவிட்டால் போதும். தமிழ் எல்லோருக்கும் தாய்மொழி அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. தோடா, கோத்தா, படுகு, இருளா ஆகியவற்றைப் பேசுபவர்களிடையே ஓர் இளைஞரை உடன் பேசுபவராக அழைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பாளர் என்று அவரை ஓரத்தில் நிறுத்தாமல், முன்கூட்டியே ஒருநாள் உட்கார்ந்து முழுவதையும் அவருக்கு விளக்கி, உழைப்புக்கு உரிய ஊதியமும் கொடுத்தால், நீங்கள் அரைமணி நேரத்தில் சொல்வதை அவர் பத்து நிமிடத்தில் தெளிவாகச் சொல்லிவிடுவார்.

நான்காம் படி: எண்களைக் குடத்தில் ஊற்றுவது

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பேன்.

உதகையின் மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வு மையம் கிளென்மார்கன் பகுதியில் நடத்திய நீண்டகால ஆய்வை எடுத்துக்கொள்வோம். அருகருகே இருந்த இரண்டு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றொன்றில் கற்பூர மரங்களை நட்டு ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுழற்சியில், மரம் நட்ட பக்கத்தில் ஓடைக்கு வந்த நீர் ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. "16 விழுக்காடு" என்று சொன்னால் கூடத்தில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. முன்பு ஆறு குடம் வந்த ஓடையில் இப்போது ஐந்து குடம்தான் வருகிறது என்று சொல்லி, ஆறு குடங்களை வரிசையாக வைத்து ஒன்றை எடுத்துவிட்டால், பெண்கள் அமர்ந்திருக்கும் பக்கத்தில் உடனே சலசலப்பு எழும். இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்தான்.

மழையளவையும் இப்படியே மாற்றலாம். ஒரு சென்ட் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஏறத்தாழ 40 லிட்டர், அதாவது பதினைந்து லிட்டர் குடத்தில் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. ஒரு ஏக்கரில் மூன்று மில்லிமீட்டர் பெய்தால் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்று நிரம்பும். மில்லிமீட்டர் என்பது வானிலை அறிக்கையின் மொழி. சென்ட்டும் குடமும் லாரியும் கேட்பவரின் கணக்கு.

அளவீட்டில் உள்ள ஐயத்தை மறைக்காதீர்கள். "எங்களுக்கே உறுதியாகத் தெரியாது" என்று மொட்டையாகச் சொன்னால் நம்பிக்கை போய்விடும் என்று அஞ்சுகிறோம். ஆனால் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அளவீட்டுப் பிழை புதிதல்ல. இலை எடை போடும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிப்பதையும், அதே மூட்டை இரண்டு தராசில் இரண்டு எடை காட்டுவதையும் அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். "எங்கள் தராசும் அப்படித்தான், இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம்" என்று சொன்னால் வேறு விளக்கமே தேவைப்படுவதில்லை.

ஆய்வு எதைச் சொல்லவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். ஆறு குடக் கணக்கைக் கேட்டதும், "அப்படியானால் கற்பூர மரத்தை எல்லாம் வெட்டிவிட்டால் தண்ணீர் திரும்ப வந்துவிடுமா?" என்ற கேள்வி தவறாமல் வரும். மரம் நட்டால் என்ன ஆனது என்பதைச் சொல்லும் ஆய்வு, வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு விடை ஆகாது. வெட்டிய இடத்தைப் புல் பிடிக்குமா, சீகையும் உண்ணிச்செடியும் பிடிக்குமா என்பது தனிக் கேள்வி. அந்த மரங்களின் விறகையும் தைலத்தையும் நம்பி அடுப்பெரிப்பவர்கள் அதே கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஐந்தாம் படி: நாளும் இடமும்

நாள் குறிக்கும்போது மலையின் இரண்டு மழைக்காலங்களையும் பார்க்க வேண்டும். கூடலூர், பந்தலூர், நடுவட்டம் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆகாது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழையும் மண்சரிவும் பயணத்தைக் கெடுக்கும். பழனி மலையில் கொடைக்கானல் வட்டாரத்துக்கும் இந்த வடகிழக்குப் பருவமே பெருமழைக் காலம். ஏப்ரல், மே சீசனில் சாலை முழுவதும் சுற்றுலா வண்டிகள்; மேலும் 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதால், சமவெளியிலிருந்து பேச்சாளரை அழைத்தால் அவருக்கு முன்னதாகவே நினைவூட்டுங்கள். டிசம்பர், ஜனவரியில் படுகர் ஊர்களில் ஹெத்தை அம்மன் விழா வரும். எஞ்சுவது பிப்ரவரியும் மார்ச்சும்.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள், மே 22 பல்லுயிர் நாள், அக்டோபர் 7 வரையாடு நாள் ஆகியவற்றில் கூட்டம் வைக்க எல்லோருக்கும் ஆசை. நான் அந்த நாட்களைத் தவிர்ப்பவன். அன்று மேடையில் நாற்காலிகள் கூடும், பொன்னாடைகள் கூடும், கேள்விக்கான நேரம்தான் குறையும்.

ஞாயிறு காலை சந்தை, வழிபாடு, துணி துவைப்பு என்று போய்விடும். பிற்பகல் இரண்டரைக்குத் தொடங்கி நாலு மணிக்கு முடிப்பது நல்லது. கோத்தகிரிப் பக்கம் கரடியும், எல்லா இடத்திலும் காட்டுமாடும் அந்தி சாயும் நேரத்தில் தேயிலைக்குள் இறங்கிவிடும்; இருட்டிய பிறகு பெண்களையும் குழந்தைகளையும் நடந்து போக வைக்கும் எந்தக் கூட்டமும் நல்ல கூட்டமல்ல. கடைசி மினிபஸ் எத்தனை மணிக்கு என்பதை ஓட்டுநரிடமே கேட்டு, அழைப்பிதழில் அச்சிடுங்கள்.

இடம் உங்கள் நிறுவனத்தின் அரங்கமாக இல்லாமல் இருப்பது நல்லது. காவலர் பெயர் எழுதி உள்ளே விடும் இடத்தில் யாரும் இயல்பாகப் பேச மாட்டார்கள். 1998இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் தொடங்கிய அறிவியல் காபிக்கடைக் கூட்டங்கள், அறிஞரை மேடையிலிருந்து மேசைக்கு இறக்கின. நமக்கு டீக்கடை இருக்கிறது, சமுதாயக் கூடம் இருக்கிறது, பள்ளித் திண்ணை இருக்கிறது. டீயும் ஊட்டி வர்க்கியும் போதும். தண்ணீர் பாட்டில் வாங்கிவிடாதீர்கள். மாவட்டத்தில் பிளாஸ்டிக் தடை இருக்கிறது, அதை மீறும் சூழலியல் கூட்டத்தைப் பற்றி ஊர் ஒரு மாதம் பேசும். எவர்சில்வர் டம்ளர்களை வாடகைக்கு எடுங்கள்.

ஆறாம் படி: தமக்குள் ஓர் ஒத்திகை

ஊருக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பு, வேறு துறை ஆய்வாளர்கள் ஐந்தாறு பேரைக் கூட்டி அவர்கள் முன் பேசிப் பாருங்கள். நிறுவனங்கள் இவ்வளவு அருகில் இருந்தும் ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரியாமல் இருப்பது இந்த மலையின் பழைய குறை. மாதம் ஒருமுறை, உதகையிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் மாறிமாறி, தமிழில் மட்டும், ஸ்லைடு இல்லாமல் இருபது நிமிடம் என்று ஒரு சந்திப்பை வைத்துக்கொண்டால் அது ஒத்திகையாகவும் இருக்கும், புதிதாக மலைக்கு வந்த மாணவருக்குத் துணையாகவும் இருக்கும். மண் ஆய்வாளருக்குப் புரியாத வானியல் ஊரில் யாருக்கும் புரியாது என்பது எளிய சோதனை. நிறுவனத் தலைவர்களை முதல் சில சந்திப்புகளுக்கு அழைக்காதிருப்பது நல்லது. இளையவர்கள் வாய் திறக்க வேண்டும்.

ஏழாம் படி: கூட்டத்தை நடத்துவது

பேச்சு இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மின்சாரம் போகும், புரொஜெக்டர் மக்கர் செய்யும். ஆகவே கையில் தூக்கிக் காட்டக்கூடிய ஒரு பொருளைச் சுற்றியே பேச்சை அமைத்துக்கொள்ளுங்கள். என் கூட்டங்களில் அந்தப் பச்சைத் தகரப் பெட்டியே பொருள். அதைத் திறந்து, உள்ளே இருப்பதைக் குழந்தைகள் தொட்டுப் பார்க்க விட்ட பிறகு, தண்ணீரைக் குடிப்பது பெட்டி அல்ல என்று நான் வாதாட வேண்டியிருக்கவில்லை.

பொருள் இல்லாத துறை எதுவும் இல்லை. காஸ்மிக் கதிர் ஆய்வாளர் எல்லோரையும் உள்ளங்கையை விரித்து நீட்டச் சொல்லலாம். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதி உண்டாக்கும் மியுவான் என்னும் நுண்துகள்கள் கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் விழுகின்றன, மலையில் இன்னும் சற்றுக் கூடுதலாக. ஆகவே நீட்டிய கையின் வழியே ஒரு நிமிடத்தில் நூறு வரை ஊடுருவிப் போயிருக்கும். அங்கிருந்து உதகை ஆய்வகத்தில் இந்த மியுவான்களை எண்ணும் கிரேப்ஸ்-3 கருவிக்கு வரலாம்: 2014 டிசம்பர் 1 அன்று மலைமேல் நின்ற இடிமேகம் ஒன்றில் ஏறத்தாழ 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை, அதன் ஊடே வந்த மியுவான்களின் எண்ணிக்கை குறைந்ததைக் கொண்டே அவர்கள் கணக்கிட்டார்கள், அந்த முடிவு 2019இல் வெளியானது. இடி இடித்தால் டிவி பிளக்கைப் பிடுங்கும் ஊரில் இதைவிட நல்ல கதை வேறு இல்லை.

முத்தோரையில் இருப்பவர்கள் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள ரேடியோ தொலைநோக்கியைத் தினமும் பார்க்கிறார்கள். சமதளம் இருக்கும்போது இதைச் சரிவில் ஏன் கட்டினார்கள் என்று நீங்களே கேட்டுத் தொடங்கலாம். உதகை நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 11 பாகை வடக்கே இருக்கிறது. அதே 11 பாகை சாய்வுள்ள சரிவைத் தேடிப் பிடித்ததால் தொலைநோக்கியின் நீளவாட்டு அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. அந்த ஓர் அச்சில் மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தால் ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் முடிந்த வேலை அது. ஒரு தட்டைச் சாய்த்துப் பிடித்து, அருகில் ஒரு பந்தைச் சுழற்றிக் காட்டினால் ஆறாம் வகுப்பு மாணவருக்கும் புரியும்.

கொடைக்கானல்காரர்களுக்குக் கதிரவனே பொருள். 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டது கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில்தான். சூரியனை வெறுங்கண்ணால் பார்க்க விடாமல், சிறு தொலைநோக்கியின் பிம்பத்தை ஒரு வெள்ளை அட்டையில் விழச்செய்து காட்டுங்கள். கருவிக்குப் பக்கத்தில் ஒருவர் அகலாமல் நிற்க வேண்டும், ஏனெனில் குழந்தைகள் கண்ணை வைத்துப் பார்க்காமல் விடமாட்டார்கள்.

கேள்வி நேரத்தில் முதல் கேள்விக்கு ஒரு நிமிடம் வரை மௌனமாகக் காத்திருங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நாமே பேசத் தொடங்குவதுதான் நாம் செய்யும் பெரிய பிழை. ஆண்கள் மட்டும் கேட்கும் கூட்டத்தில் மைக்கை அணைத்துவிட்டு டீ கொடுங்கள். டம்ளரோடு நிற்கும்போதுதான் உண்மையான கேள்விகள் வரும். "என் பையன் இதப் படிச்சா வேலை கிடைக்குமா சார்?" என்பதும் அறிவியல் கேள்விதான், மழுப்பாமல் விடை சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கேட்டவர் பார்க்கும்படி எழுதுங்கள். கேள்விகளை அவர்கள் சொன்ன சொற்களிலேயே பதிவதற்கு ஒருவரைத் தனியே அமர்த்தியிருக்க வேண்டும். அடுத்த படி முழுவதும் அந்த நோட்டை நம்பியே இருக்கிறது.

எட்டாம் படி: இணையத்தில் வைப்பது

கூட்டம் முடிந்த அதே வாரத்தில், நோட்டில் அதிகம் பேர் கேட்ட மூன்று கேள்விகளை எடுங்கள். ஒவ்வொன்றும் ஒரு தலைப்பு. "நீலகிரிப் புல்வெளிகளின் நீரியல் குறித்த ஓர் ஆய்வு" என்று யாரும் தேடுவதில்லை, "கற்பூர மரம் தண்ணீரை உறிஞ்சுமா?" என்று தேடுகிறார்கள். தலைப்பில் ஊர்ச் சொல்லும், முதல் பத்தியில் விடையும், அதன் பிறகு எப்படித் தெரியும் என்ற விளக்கமும், இறுதியில் ஆய்வின் எல்லையும் வரட்டும். எழுத்தைப் படமாக்கி ஏற்றாமல் யுனிகோடில் இடுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்து தேடலில் அகப்படாது, பார்வையற்றவரின் கைபேசி அதைப் படித்துக் காட்டாது.

மலையில் பள்ளத்தாக்குக்கு ஒரு சிக்னல். பத்து நிமிடக் காணொளி இறங்குவதற்குள் பொறுமை போய்விடும். இரண்டு நிமிட வாட்ஸ்அப் குரல்பதிவுதான் இங்கே நான் கண்டதில் அதிகத் தூரம் போனது. இலை பறித்துக்கொண்டே கேட்கலாம், படிக்கத் தெரியாதவரும் கேட்கலாம். குரல்பதிவின் தொடக்கத்தில் உங்கள் பெயர், வேலை, தேதி ஆகியவற்றைச் சொல்லுங்கள்; பகிரப்பட்டுப் பகிரப்பட்டு மூன்றாண்டு கழித்து வேறெங்கோ ஒலிக்கும்போது, அது எப்போது யார் சொன்னது என்று தெரிய வேண்டும். காணொளி எடுத்தால் கைபேசியை நிமிர்த்திப் பிடித்து, காற்றின் இரைச்சல் மைக்கில் விழாமல் ஒரு துணியைச் சுற்றி, கீழே தமிழ் எழுத்து ஓடும்படி செய்யுங்கள்.

இணையம் என்பதால் வானொலியை விட்டுவிட வேண்டியதில்லை. கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை நடத்தும் ரேடியோ கோத்தகிரி போன்ற சமுதாய வானொலியில் அதே மூன்று கேள்விகளை ஊர்க்காரர் ஒருவர் கேட்க நீங்கள் விடை சொன்னால், அந்த ஒலிப்பதிவையே பிறகு இணையத்திலும் வைக்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் நீங்கள் ஆயும் தாவரத்துக்கோ ஓடைக்கோ கட்டுரை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எழுதுங்கள். அங்கே உங்கள் சொந்த முடிவை முன்னிறுத்தாமல், ஏற்கெனவே அச்சானவற்றைத் தொகுத்தெழுதுவதே முறை. பள்ளி ஆசிரியர்கள் முதலில் திறப்பது அதைத்தான்.

ஆய்விதழில் கட்டுரை வெளியாகும் முன் முடிவைப் பொதுவில் சொல்லலாமா என்பதை இதழின் விதிகளைப் படித்து, உடன் எழுதியவர்களிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். முடிவைச் சொல்ல முடியாத காலத்திலும் என்ன அளக்கிறோம், ஏன் அளக்கிறோம் என்று சொல்வதற்கு யாரும் தடை போடுவதில்லை. நான் அன்று சொல்லத் தவறியது அதைத்தான்.

ஒன்பதாம் படி: மக்களையும் பதிவாளர்களாக்குவது

கூட்டத்துக்கு வந்தவர்களில் ஓரிருவர் தொடர்ந்து ஏதாவது செய்ய விரும்புவார்கள். பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு நல்ல தொடக்கம். வீட்டு வாசலில் பதினைந்து நிமிடம் நின்று பார்த்ததை இ-பேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிந்தால் போதும். பத்து முதல் பதினேழு வயது வரையுள்ள மாணவர்கள் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குத் தங்கள் ஓடையையே ஆய்வுப் பொருளாக எடுக்கலாம். குறிஞ்சி கடைசியாக 2018இல் பெரும் பரப்பில் பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக் கணக்கில் அடுத்தது 2030. இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளிடம் செடி வளர்வதை ஆண்டுதோறும் ஒரே இடத்தில் படமெடுத்து வைக்கச் சொன்னால், பூக்கும்போது அவர்களிடம் இருக்கும் பதிவு எந்த ஆய்வாளரிடமும் இராது.

ஆர்க்கிட், புலியின் தடம், அரிய தவளை ஆகியவற்றின் படத்தை ஏற்றும் முன் படத்துக்குள் ஒளிந்திருக்கும் இருப்பிடத் தகவலை நீக்கக் கற்றுக்கொடுங்கள். உயிரினப் படங்களைப் பதியும் ஐ-நேச்சுரலிஸ்ட் தளத்தில் இருப்பிடத்தை மங்கலாக்கும் வசதி உண்டு. ஒரு ஆர்க்கிட்டின் இடம் வெளியாகி, அடுத்த மாதம் அந்தக் கிளையே இல்லாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

பத்தாம் படி: வதந்தி வரும்போது

வேறு மாநிலத்தில் எடுத்த சிறுத்தைக் காணொளி, "நேற்று இரவு குன்னூரில்" என்ற வரியோடு வந்து விழும். உடனே மறுப்பு எழுதத் தோன்றும். முதலில் உள்ளூர் வனத்துறையினரிடமோ அந்தத் தெருவில் இருப்பவரிடமோ விசாரியுங்கள். பிறகு வதந்தியைத் தலைப்பில் திருப்பிச் சொல்லாமல் உண்மையில் தொடங்குங்கள்: "குன்னூரில் நேற்று சிறுத்தை வரவில்லை, இந்தக் காட்சியில் தெரியும் கடைப்பலகை தமிழில் இல்லை, பாருங்கள்." அனுப்பியவரைக் குழுவில் எல்லோர் முன்பும் திருத்தாமல் தனியே அழைத்துப் பேசினால், அடுத்த முறை அனுப்பும் முன் உங்களைக் கேட்பார். அவர் பயந்ததால் அனுப்பினார், பயம் பொய்யல்ல.

பதினோராம் படி: திரும்பிப் போவது

எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை நிதி கொடுத்தவருக்கு எழுதும் அறிக்கைக்கு உதவும். உங்களுக்கு உதவுவது வேறு: ஒரு மாதம் கழித்து அதே ஊருக்குப் போய், வந்திருந்த நாலு பேரிடம் என்ன நினைவிருக்கிறது என்று கேளுங்கள். ஆறு குடமும் ஐந்து குடமும் நினைவிருந்தால் நல்லது. "ஏதோ மரம் கெட்டதுன்னு சொன்னீங்க" என்றால் நான்காம் படிக்குத் திரும்ப வேண்டும். நோட்டில் எழுதிக்கொண்டு வந்த, விடை தெரியாத கேள்விகளுக்கும் அன்றுதான் பதில் சொல்ல வேண்டும், "இன்னும் தெரியவில்லை" என்பதாக இருந்தாலும்.

ஆய்வு முடிந்து மலையை விட்டு இறங்கும் நாளில் கருவியைக் கழற்றும்போது ஊர்க்காரர்கள் உடன் இருக்கட்டும். உங்கள் ஓடையின் இரண்டாண்டு அளவீடுகளைத் தமிழில் ஒரே தாளில், மாதவாரியாக, குடக் கணக்கில் எழுதி ஊர்ப் பள்ளியிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒவ்வொரு படி கொடுங்கள். கேள்வி நோட்டை அடுத்து அதே பகுதியில் வேலை தொடங்கும் ஆய்வாளரிடம் ஒப்படையுங்கள். யாரும் வரவில்லை என்றால் பள்ளியின் அறிவியல் ஆசிரியரிடம் கொடுத்து, முதல் பக்கத்தில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதிவிட்டு வாருங்கள்.